தாய்மாமன் ரத்தம்

மரபணு டாக்டர் என்றால் என்ன டாக்டர் என்று அவளுடைய சொந்தச் சித்திக்கே இன்னும் பிடிபடவில்லை. "ஊசி போடுவியா?" "இல்ல சித்தி." "ஆபரேஷன்?" "இல்ல." "மாத்திரையாவது எழுதுவியா?" "எப்பவாவது." "அப்புறம் எதுக்குடி இவ்வளவு வருஷம் படிச்ச?" முதலில் குழந்தை மருத்துவம், அதற்கு மேலே மரபணு மருத்துவம் என்று முடி கொட்டக் கொட்டப் படித்தவளுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பதில்தான் வராது.

இப்போது ஆஸ்பத்திரியும் அதையே கொஞ்சம் நாகரிகமாகக் கேட்டிருந்தது. இணையதளத்தில் போடுவதற்கு அவளுடைய பயிற்சி, ஆராய்ச்சி ஆர்வங்கள், எல்லாம் நாலு வரிக்குள் வேண்டுமாம். பயிற்சியை ஒரே மூச்சில் தட்டிவிட்டாள். ஆராய்ச்சி என்று வந்ததும் கை நின்றுவிட்டது. அவளுடைய மொத்த ஆராய்ச்சியும் ஒரே ஒரு பையன். அவனுடைய தாய்மாமன் ஒரு சொட்டு ரத்தம் தரமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தார்.

பையனுக்கு ஐந்து வயது. பேச்சு இல்லை, நடந்தால் பத்தடிக்கு ஒருமுறை விழுவான். காரணம் தேடித்தேடி அலுத்த பிறகு, அவனுடைய ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருப்பதை அவள் கண்டுபிடித்தாள். உலகத்தில் வேறு யாரிடமும் பார்த்ததாகப் பதிவில்லை. அம்மாவின் ரத்தத்திலும் அதே பிழை இருந்தது. பெண்களுக்கு அந்த மரபணுவில் இன்னொரு பிரதி உண்டு, அதனால் தப்பித்துக்கொள்வார்கள். ஆண்பிள்ளைக்கு இருப்பது ஒன்றுதான், அவன் மாட்டிக்கொள்வான். டாக்டருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. புது நோய், கண்டுபிடித்தது அவள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் பையனின் அம்மாவையும் பாட்டியையும் எதிரே உட்காரவைத்து, வட்டமும் சதுரமுமாகக் குடும்பப் படம் வரைந்து, "அம்மாகிட்டேர்ந்துதான் வந்திருக்கு" என்று கடகடவென்று சொல்லிவிட்டாள்.

"அதானே பாத்தேன்" என்றார் அப்பாவைப் பெற்ற அந்தப் பாட்டி. "எங்க பரம்பரையில இப்படி ஒண்ணு கிடையாதே."

மருமகள் தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த முறையிலிருந்து பாட்டி வரவில்லை, பையனின் அப்பாவும் வரவில்லை. துணிக்கடையில் பில் போடும் அந்தப் பெண், கடையில் கெஞ்சி விடுப்பு வாங்கிக்கொண்டு, பையனைத் தனியாகத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒருநாள் அவளாகவே சொன்னாள். "அவருக்கு வேற பொண்ணு பாக்கலாம்னு என் காதுபடவே பேசுறாங்க டாக்டர். கொழுந்தன் குழந்தையைத் தூக்கப் போனா, வெடுக்குனு வாங்கிக்கிறாங்க."

டாக்டருக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அன்று அவளுடைய புத்தியெல்லாம் அந்த நோயைப் பற்றி எழுதிய கட்டுரையில் இருந்தது. மருத்துவ இதழ் அதைத் திருப்பி அனுப்பியிருந்தது. பையனின் தாய்மாமன் திடமாக இருக்கிறாரே, அவருக்கு இந்தப் பிழை இல்லை என்று காட்டுங்கள், பிறகு பேசலாம் என்றது இதழ்.

"அண்ணனுக்கு இல்லன்னா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"நான் சொன்னதுக்கு பலம் கூடும்."

"இருந்துச்சுன்னா?"

"இருக்காதும்மா."

"இல்ல டாக்டர், இருந்துச்சுன்னா?"

"அவர் நல்லாத்தானே இருக்காரு? அப்ப இந்தப் பிழையால ஒண்ணும் ஆகாதுன்னு அர்த்தம். பையனுக்கும் இது காரணமில்லன்னு ஆயிடும். ஆனா இருக்காது, கவலைப்படாதீங்க."

அந்தப் பெண் அதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். கெட்டிக்காரி, எவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாள் என்று டாக்டர் மெச்சிக்கொண்டாள்.

தாய்மாமன் லிஃப்ட் மெக்கானிக். போன் செய்தால், "உள்ள ஆளுங்க மாட்டிக்கிட்டிருக்காங்க, அப்புறம் பேசுறேன்" என்பார். அந்த ஊர் லிஃப்டுகளில் மாதக்கணக்காக ஆட்கள் மாட்டிக்கொண்டே இருந்தார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் வேலை செய்யும் அடுக்குமாடிக்கே டாக்டர் போனாள். லிஃப்ட் கூண்டின் தலையில் உட்கார்ந்து அவர் எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். திறந்த கதவு வழியாக இருட்டுக்குள் தலையை நீட்டி இவள் மரபணு விளக்கம் சொன்னாள். வருவோர் போவோரெல்லாம் படிக்கட்டில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"நல்லா இருக்கிறவனை எதுக்கும்மா நோயாளி ஆக்குறீங்க?" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "அப்படியே எனக்கு இருந்தா, என் பொண்ணுக்கும் போயிருக்குமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "உங்களுக்கு இருந்தா, கண்டிப்பா போயிருக்கும்."

"வரன் பாத்துக்கிட்டிருக்கோம். நீங்க கிளம்புங்க."

திரும்பும் வழியெல்லாம் அவளுக்கு வயிறு எரிந்தது. ஐந்து மில்லி ரத்தம்! கொசு கடித்தால் சும்மாதானே விடுகிறார்? பெரிய டாக்டரிடம் போய்ப் புலம்பினாள். எதைச் சொன்னாலும் கொட்டாவி விடுவார், துறையில் அவருக்குப் பெயரே கொட்டாவிதான். "வேற குடும்பம் பாரும்மா" என்று சொல்லிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை, யாரும் கூப்பிடாமலே மாமன் வந்து நின்றார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார். பக்கத்தில் தங்கை, கண் சிவந்திருந்தது.

"என்ன சொல்லிக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று டாக்டர் ஆச்சரியமாகக் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. உக்காந்து அழுதேன்."

முடிவு வந்த நாளில் டாக்டர் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். குழாய் மாறியிருக்குமோ என்று பரிசோதனைக் கூடத்துக்கு ஓடி இன்னொரு முறை செய்யச் சொன்னாள். அதுவும் அதையேதான் சொன்னது. மாமனுக்கும் அந்தப் பிழை இருந்தது. கயிறு பிடித்து லிஃப்ட் குழிக்குள் ஏறி இறங்குகிற மனிதருக்கு! அவள் கண்டுபிடித்த நோய் நோயே இல்லை. கட்டுரை குப்பைக்குப் போனது. இவ்வளவு படித்து, இவ்வளவு இயந்திரங்களை வைத்துக்கொண்டு, ஒரு குடும்பத்திடம் தப்பைச் சொல்லியிருக்கிறாள். மேஜையில் தலையை முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது.

அம்மாவை வரவழைத்துச் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. "உங்ககிட்டேர்ந்து வந்துச்சுன்னு நான் சொன்னது தப்பும்மா. என்னை மன்னிச்சிடுங்க."

அந்தப் பெண் அழவில்லை. பையிலிருந்து போனை எடுத்து, எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். "அத்தை, டாக்டர் பேசுறாங்க" என்றாள். "இப்ப சொன்னதை அப்படியே சொல்லுங்க டாக்டர்."

டாக்டர் சொன்னாள்.

"அப்ப யார்கிட்டேர்ந்து வந்துச்சு?" என்று அதட்டியது மாமியாரின் குரல்.

"தெரியலம்மா. யார் பக்கத்துலேர்ந்து வேணும்னாலும் வந்திருக்கலாம். யார்கிட்டேர்ந்தும் வராம, இவனுக்கே புதுசாவும் வந்திருக்கலாம்."

"எங்க பக்கம் அப்படி யாரும்..."

"உங்க மகன் ரத்தமும் எடுத்துப் பாக்கணும். உங்களுதும். எப்ப வரீங்க?"

போன் கட்டாகிவிட்டது. அந்தப் பெண் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். டாக்டருக்கு எல்லாம் அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேரும் ஒரே ரத்தத்துக்காகத்தான் அலைந்திருக்கிறார்கள். ஆனால் டாக்டர் அதில் பிழை இல்லை என்று வர வேண்டும் என்று அலைந்தாள், அந்தப் பெண் இருக்கிறது என்று வர வேண்டும் என்று.

"அண்ணனுக்கும் இருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன் டாக்டர். இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

டாக்டர் தலையாட்டினாள். நாற்காலிக் காலைப் பிடித்து எழ முயன்ற பையன் மறுபடி விழுந்தான். அம்மா அவனை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"முதல்லேர்ந்து தேடுறேன்" என்றாள் டாக்டர். "என்ன காரணம்னு எப்படியும் கண்டுபிடிச்சிடுவேன். சீக்கிரமே."

கதவருகில் போன பெண் நின்றாள். பையனின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"சீக்கிரமெல்லாம் வேணாம் டாக்டர்" என்றாள். "தெரியாத வரைக்கும் நான் அந்த வீட்டுல இருந்துக்குவேன்."