ஈப்பச்சன் தாண்டிப் போன இடம்

பெரிய வியாழனன்று, ஆண்டவரின் கடைசி இராவுணவை நினைத்து வீட்டில் அறுக்கிற பெசகா அப்பம் நான் இரண்டு அவித்தேன். இரண்டின் மேலும் குருத்தோலைச் சிலுவை வைத்தேன். அடுக்களையை எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரர் ஈப்பச்சன் அதைக் கவனித்துவிட்டார்.

"எதுக்கு ரெண்டு?"

"மாவு மிஞ்சிப் போச்சு."

"மிஞ்சின மாவுக்குச் சிலுவை எதுக்குடி?"

நான் அப்பத்தைத் தோய்த்துச் சாப்பிடத் தேங்காய்ப்பாலில் வெல்லத்தைக் கரைப்பதில் ரொம்ப மும்முரமாகிவிட்டேன்.

அவருக்குப் புரியாமல் இல்லை. சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் அப்பம் அவிக்கக் கூடாது. சொந்தக்காரர்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ரப்பர் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் அவர் தம்பி குருவிளாவின் வீடு. அவன் மனைவி சோசாம்மா கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு இறந்துபோனாள். பிள்ளைகள் இல்லை. சொந்த அண்ணன் பக்கத்திலேயே இருக்கும்போது நாம் முந்துவதா என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். நாங்கள் போகாவிட்டால் அவன் இன்றைக்கு வெறும் மேசை முன்னால்தான் உட்கார்ந்திருப்பான்.

நிலத்தகராறு என்றால்கூட மன்னித்துவிடலாம். இவர்கள் சண்டை கோயில் புனிதரின் பெருநாள் பவனியைப் பற்றி. அப்போது ஈப்பச்சன் கோயில் நிர்வாகம் பார்க்கிற கைக்காரர். பவனி எங்கள் வாசல் வழியாக வரும்படி பாதையை மாற்றிவிட்டார். பொதுக்கூட்டத்தில் குருவிளா எழுந்து, "புனிதர் எங்க அண்ணனை வந்து பார்த்துட்டுத்தான் போகணுமா?" என்று கேட்டான். ஊரே சிரித்தது. அடுத்த தேர்தலில் பதவியும் போச்சு. சோசாம்மாவின் அடக்கத்தன்று இவர் கல்லறைத் தோட்டத்து வாசல்வரை வந்து, குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பொழுது சாய்ந்ததும் மேசைமேல் அப்பத்தை வைத்தேன். வீட்டுத் தலைவர் வேதம் வாசித்த பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். ஈப்பச்சனுக்கு நல்ல குரல், அந்தக் குரலைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆண்டவர் சீடர்களின் காலைக் கழுவிய பகுதியை அழகாக வாசித்தார். காட்டிக்கொடுக்கப் போகிறவனுக்கும் அவர் அப்பத்தைத் தோய்த்துக் கொடுத்த இடம் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, அதைத் தாண்டிப் போய்விட்டார்.

"ஒரு இடத்தை விட்டுட்டீங்க, அச்சாயா." அவர் தம்பியைப் போலவே நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

"கண்ணு சரியாத் தெரியல."

"மத்ததெல்லாம் தெரிஞ்சுதே."

"நீ என்ன பிஷப்பா, என்னைக் கேள்வி கேட்க?"

"பிஷப்பா இருந்தா மரியாதைக்குச் சும்மா இருந்திருப்பேன். நமக்குப் பிடிச்சதை மட்டும் எடுத்துக்க வேதம் என்ன கல்யாணப் பந்தியா?"

புத்தகத்தை மூடினார். "அந்த யூதாசுக்கு நான் போய்க் கொடுக்கணுங்கிறே."

"ஆண்டவர் கொடுத்திருக்கார். நீங்க அவரைவிடப் பெரிய ஆளா?"

சாப்பிடாமல் போய்ப் படுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். எழுந்துபோய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "அந்த ரெண்டாவதை இலையில கட்டு. பாலைச் சிந்தாம எடுத்துட்டு வா."

குருவிளா முன்னறையில் தனியாக இருந்தான். அவன் முன்னால் வேதம் விரிந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"அப்பம்," என்றார் ஈப்பச்சன்.

"அடக்கத்துக்கு வந்து வாசல்லயே நின்னவர் கையால எனக்கு வேண்டாம்."

இவர் முகம் சுருங்கிவிட்டது. திரும்பிவிடுவாரோ என்று நான் வாசலை அடைத்தாற்போல் நின்றுகொண்டேன். ஆனால் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உன்னை யூதாசுன்னு சொல்லிட்டுத்தான்டா கிளம்பினேன்."

"நானும் இப்ப அதைத்தான் வாசிச்சேன். அந்த இடத்துல எனக்கு உங்க மூஞ்சிதான் தெரிஞ்சுது, அச்சாயா."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இருவரும் என்னை முறைத்தார்கள். இந்த விஷயத்தில் மட்டும் உடனே ஒன்று சேர்ந்துவிடுவார்கள்.

"முறைக்காதீங்க," என்றேன். "உங்கள்ல ஒருத்தன் காட்டிக்கொடுப்பான்னு ஆண்டவர் சொன்னப்ப, அந்தப் பந்தியில யாரும் 'அவனா'ன்னு கேட்கல. எல்லாரும் 'நானா'ன்னுதான் கேட்டாங்க."

ஈப்பச்சன் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சோசாம்மாவுக்கு ஒரு பிடி மண்கூடப் போடல நான்," என்றார். அந்த நல்ல குரல் எங்கே போனதோ, எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "நான்தான்டா."

குருவிளா மேசைமேல் இருந்த வேதத்தை அண்ணன் பக்கம் தள்ளினான்.

"அடுத்த அதிகாரம் வாசிங்க. அவ போனதிலிருந்து தினமும் ஆரம்பிக்கிறேன், முடிக்க முடியல."

கலங்க வேண்டாம், என் தகப்பன் வீட்டில் நிறைய இடம் இருக்கிறது, உங்களுக்கு இடம் தயார் செய்யத்தான் போகிறேன் என்று ஆண்டவர் சொல்கிற அதிகாரம் அது. ஈப்பச்சன் நிதானமாகக் கடைசிவரை வாசித்தார். அவர் முடிக்கும்வரை குருவிளா வாய்விட்டு அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் அறுத்துக் கொடுத்த அப்பத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.