ரீஸ்டார்ட் சாரின் கைராசி

தொட்டதற்கெல்லாம் ரீஸ்டார்ட். பிரிண்டர் முனகினாலும் ரீஸ்டார்ட், லிஃப்ட் நின்றாலும் ரீஸ்டார்ட். அதனாலேயே அந்த மேலாளருக்கு ஆபீஸில் ரீஸ்டார்ட் சார் என்று பெயர்.

அன்றைக்கு அந்த ஆபீஸ் நடத்தும் நர்ஸ் வேலைக்கான ஆன்லைன் தேர்வு; காலையில் ஒரு பிரிவு, மத்தியானம் ஒரு பிரிவு, வீட்டிலிருந்தே எழுதலாம். காலையிலேயே சர்வர் திணறியது. ஒரே நேரத்தில் இத்தனை இணைப்புதான் என்று வைத்திருந்த வரம்பு நிரம்பி, மிச்சப் பேர் வெளியிலேயே நின்றார்கள்.

"ரீஸ்டார்ட் பண்ணிடலாமாம்மா?" என்று சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அட்மினிடம் கேட்டார் சார்.

"ஐயோ சார்! உள்ள எழுதிட்டிருக்கவங்க கதி? இது லினக்ஸ் சார், ஓட ஓடவே மாத்தலாம்."

அட்மின் ஒரே ஒரு வரிக் கட்டளை அடித்தாள். வரம்பு உயர்ந்தது, கூட்டம் உள்ளே போனது, எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் இப்படி மாற்றியது சர்வரை ரீஸ்டார்ட் செய்யாதவரைதான் நிற்கும்; நிலைக்க வேண்டுமானால் அதன் அமைப்புக் கோப்பிலும் எழுத வேண்டும். எழுதக் கை வைத்தபோது டைரக்டர் கூப்பிட்டார். "சார், சர்வரைத் தொட்டுடாதீங்க, புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டுவிட்டுத்தான் போனாள்.

மீட்டிங் முடிந்து திரும்பி வந்தால் மத்தியானத் தேர்வு தொடங்கிவிட்டது, போன் அலறுகிறது. அவளுடைய நாத்தனார், மத்தியானப் பிரிவில் எழுத வேண்டியவள். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. இதை விட்டால் அவளுக்கு வேறு தேர்வே கிடையாது.

"அண்ணி, உள்ள விடவே மாட்டேங்குது! இன்னும் கொஞ்ச நேரத்துல கதவை மூடிடுவாங்களாம்!"

அட்மின் திரும்பினாள். "சார், என்ன பண்ணீங்க?"

"இடைவேளைல சும்மாதானே இருந்துச்சு? ஒரு ரீஸ்டார்ட் போட்டா தெம்பா இருக்குமேன்னு..."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி! தலையில் அடித்துக்கொள்ளக்கூட நேரமில்லை. இந்தத் தடவை முதலில் கோப்பில் எழுதினாள். ஆத்திரத்தில் ஒரு பூஜ்யம் கூடுதலாக விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தாள். கோப்பை அப்படியே ஏற்றச் சொல்லிக் கட்டளை கொடுத்தாள். போனில் நாத்தனாரின் விசும்பல் மட்டும் கேட்டது.

"வந்திருச்சு அண்ணி! கேள்வி தெரியுது!"

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் நாத்தனார் முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா எழுதியிருக்கேன் அண்ணி. முடிஞ்சதும் உங்க ஆபீஸ்லேர்ந்து எல்லாருக்கும் மெசேஜ் வந்துச்சு. உங்க மேலாளர்தான் சமயத்துல ரீஸ்டார்ட் பண்ணிக் காப்பாத்தினாராமே! என்ன கைராசி அந்த மனுஷனுக்கு! நான் தேங்க்ஸ் சொன்னேன்னு மறக்காம சொல்லிடுங்க."

அண்ணி செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.