எடுக்க மறந்த வயர்

துணி உலர்த்தும் டிரையர் அன்று காலையும் பாதியில் நின்றது. துணியெல்லாம் ஈரம். "ஒரு ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது?" என்றாள் மனைவி. அவனோ லிஃப்ட் மெக்கானிக். அவன் வீட்டுக்கு வெளியாளா? ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

பின்மூடியைக் கழற்றினான். சூடு மிஞ்சினால் கரண்டைத் துண்டிக்கும் சின்ன பாகம் ஒன்று உள்ளே இருந்தது. பழுது அதில்தானா என்று பார்க்க, லிஃப்ட்டில் செய்கிற மாதிரியே, அதைத் தாண்டிக் கரண்ட் போகும்படி ஒரு துண்டு வயரைக் கொடுத்தான். டிரையர் ஜம்மென்று ஓடியது. சோதித்து முடித்ததும் வயரை எடுத்துவிட வேண்டும். அது அவன் தொழிலின் அரிச்சுவடி. ஆனால் வேலைக்கு நேரமாகிவிட்டது. ஓடுகிறதே, போதாதா? சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடியை மாட்டினான்.

"பாத்தியா? ஐயா கை வச்சா அவ்வளவுதான்!" என்று பெருமை பீற்றிக்கொண்டு கிளம்பினான்.

ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட்டைச் சரிபார்த்து முடித்தபோது சூப்பர்வைசர் வழக்கம்போலக் கேட்டார். "சோதிக்கப் போட்ட வயரெல்லாம் எடுத்தாச்சா? எண்ணிக் காட்டுப்பா."

பையைத் துழாவினான். ஒன்று குறைந்தது. அது டிரையருக்குள் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுடி, எடு!

எடுத்தாள். "என்னங்க? நான் மாடியில இருக்கேன். டிரையர் இப்ப நிக்கவே இல்ல, அடுத்த லோடும் போட்டுட்டேன். லேசா கருகுற வாசனைதான் வருது. பாப்பா அந்த ரூம்லதான் தூங்குறா, கதகதப்பா இருக்கட்டும்னு படுக்க வச்சேன்."

"டிரையரை நிறுத்து! ஓடு!"

"எதுக்குங்க? இப்ப முடிஞ்சிடும்..."

காலையில் அடித்த தம்பட்டம் உண்மையைச் சொல்லவிடவில்லை. அந்த நேரத்திலும் மானம் போகுமே என்று யோசித்தான் பாருங்கள், அடப்பாவி மனுஷன்! பிறகு கத்திவிட்டான்.

"நான் ரிப்பேர் பண்ணலடி! சூடானா நிக்குறதைத்தான் நிக்காம பண்ணி வச்சிருக்கேன். பாப்பாவைத் தூக்கு!"

போன் விழுந்தது. படிகளில் தடதடவென்று காலடி. ஒரு கதவு. "ஐயோ!" என்ற அலறல். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. சூப்பர்வைசர் ஏதோ கேட்டது காதில் ஏறவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் குழந்தை வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. அவனும் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

பதறியடித்து வீட்டுக்கு வந்தால் எங்கும் புகை நெடி. சூட்டுக்காற்று வெளியேறும் குழாயில் துணிப் பஞ்சு அடைத்து, ஓரமெல்லாம் கருகியிருந்தது. அந்த அடைப்பினால்தான் சூடு ஏறி, இத்தனை நாளும் டிரையர் தானாக நின்றிருக்கிறது. பஞ்சை வழித்துப் போட்டிருந்தால் தீர்ந்தது வேலை.

மனைவி குழந்தையை இறுக அணைத்துக்கொண்டு நின்றாள்.

"வேலை செய்யுற இடத்துல இப்படி விட்டுட்டு வருவீங்களா?"

"மாட்டேன். ஆள் ஏறுற லிஃப்ட்டாச்சே..."

"அப்ப இங்க இருக்குறது ஆள் இல்லையா? ஊரார் உசுருக்குப் பயப்படுறதுல பாதியாவது நம்ம புள்ள உசுருக்கும் பயப்படுங்க. ஒரு மெஷின் தானா நிக்குதுன்னா, ஏன் நிக்குதுன்னு பாக்கணும். நிக்கவே விடாம பண்றதுக்குப் பேரு ரிப்பேர் இல்லீங்க, கொலை."