கத்தி வெட்டாத வீடு

காப்பீடு நின்ற மறுநாள் காலை, மூன்றாம் மாடி வீட்டில் கத்தி வெங்காயத்தை வெட்டவில்லை. நல்ல வெங்காயம்தான். கத்தியும் போன வாரம் சாணை பிடித்தது. அவள் அழுத்தினாள், வெங்காயம் கொஞ்சம் நசுங்கியது, கத்தியை எடுத்ததும் பழையபடி உருண்டையானது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. இன்னொரு கத்தியை எடுத்துப் பார்த்தாள், அதற்கும் அதே கதி. அந்த நேரம் குளியலறையிலிருந்து கணவன் முகமெல்லாம் நுரையோடு வெளியே வந்து, புது பிளேடு, ஒரு முடிகூட எடுபடவில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றான். கடைக்காரன்மேல் தப்பில்லை என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அவன் அட்டைப்பெட்டி ஆலையில் பதினாறு வருடம் வெட்டும் இயந்திரத்தில் நின்றவன். ஆள் தேவைப்படாத இயந்திரம் ஒன்றை ஆலை வாங்கியது. அவனையும் இன்னும் சிலரையும் வீட்டுக்கு அனுப்பியது. மாதக் கடைசியோடு குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடும் நிற்கும் என்று ஹெச்.ஆர். பெண் சொன்னாள். நல்ல பெண், பொறுமையாகவே விளக்கினாள். வேண்டுமானால் அதே காப்பீட்டைத் தொடரலாம், அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர்கள். இதுவரை ஆலை கட்டிவந்த பங்கையும் இனி அவனே கட்ட வேண்டும், அவ்வளவுதான். முடிவு செய்ய இரண்டு மாதம் அவகாசம். அதற்குள் எந்த நாளில் கட்டினாலும், நின்ற நாளிலிருந்தே சேர்த்துக்கொள்வார்கள், நிற்கவே இல்லை என்பதுபோல. அட்டையை எப்படிப் போட்டு வெட்டினால் துண்டு வீணாகாது என்று ஆயுள் முழுக்க யோசித்தவன் அவன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்து, வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே திட்டத்தைச் சொல்லிவிட்டான்.

“இப்பவே எதுக்குக் கட்டணும்? ரெண்டு மாசம் யாருக்கும் ஒண்ணும் ஆகலேன்னா கட்டவே வேணாம். ஏதாவது ஆச்சுன்னா அன்னிக்கே ஓடிப்போய்க் கட்டிடுறேன். அதுக்குள்ள வேற வேலை கிடைச்சிடும்மா.”

சேமிப்பு வாடகைக்கே இழுபறியாக இருந்தது. அவளும் சரி என்றாள். கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு மொத்தமும் ஒற்றைக் காலில் நின்றது: யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது. அந்தக் கால் தான்தான் என்று யாரும் சொல்லாமலே அவள் எடுத்துக்கொண்டாள். அவள் ஒரு சலவைக் கடையில் அரைநாள் வேலை பார்த்தாள். அரைநாள்காரர்களுக்குக் காப்பீடு கிடையாது. இஸ்திரி மேசைக்குமுன் நின்றபடி, யாரோ ஒருவரின் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே, மனசுக்குள் வீட்டைச் சுற்றி வருவாள். அடுப்பின் திருகு, ஈரமான குளியலறைத் தரை, ஜன்னல் கொக்கி, மாடிப்படி, கத்திகள் கிடக்கும் இழுப்பறை. ஒவ்வொன்றையும் தொட்டு, நீ ஒண்ணும் பண்ணக்கூடாது என்பாள். சின்ன வயதிலிருந்தே பயந்த சுபாவம். அந்தப் பயத்தால் இதுவரை யாருக்கும் ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை. வீட்டில் இரண்டு பேருக்கும் சரியான வேலை இல்லாத அந்தச் சமயத்தில் அதற்கு மட்டும் முழுநேர வேலை கிடைத்தது.

பொருள்களும் சொன்ன பேச்சைக் கேட்டன. பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது, கைமேல் தெறித்தால் சுடவில்லை. கண்ணாடி டம்ளர் மேசையிலிருந்து விழுந்து, பந்துபோல் உருண்டு கட்டிலுக்கடியில் போய் நின்றது. வீட்டில் எல்லாவற்றுக்கும் வாதாடுவதால் குட்டி வக்கீல் என்று பேர் வாங்கிய ஒன்பது வயது மகள், மாடிப்படியில் நாலு படி தவறி விழுந்து, மெத்தையில் விழுந்தவள்போல எழுந்து, இன்னொரு தடவை விழலாமா என்று கேட்டாள். கஷ்டமெல்லாம் கத்தியால்தான். கணவன் தாடியோடு நேர்முகத் தேர்வுகளுக்குப் போய்த் தாடியோடு திரும்பினான். காய்கறியை நறுக்கவும் மகளின் நகத்தை வெட்டவும் எதிர்வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே இருந்தவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி. அந்தக் கட்டடத்துக்கே கண்டக்டர் அக்கா.

“நேத்து கேரட்டு, இன்னிக்கு நகம். நாளைக்குத் தலையைக் கொண்டாருவியா? படியில நிக்காத, உள்ள நகரு, உள்ள நகரு.”

“எங்க வீட்டுக் கத்தி லீவுல இருக்கு, பெரியம்மா” என்றாள் குட்டி வக்கீல்.

“உங்கப்பா மாதிரியா?”

மகளோடு சேர்ந்து அவளும் சிரித்தாள், ஆனால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். முழுசாகச் சிரித்தால் பிடி நழுவிவிடும்போல் இருந்தது. வாரங்கள் போகப் போக இளைத்தாள். கணவனுக்கோ தன் திட்டத்தின்மேல் பெருமை கூடியது. “பாத்தியா, ஒருத்தருக்கு ஒரு தும்மல்கூட இல்ல!” என்பான். அவன் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் நாற்காலியைத் தான் அடியிலிருந்து தூக்கிப் பிடித்திருப்பதாக அவளுக்குத் தோன்றும். வெளியே சொல்ல முடியாத இன்னொன்றும் இருந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. வேண்டாத பயம் என்று எல்லாரும் ஏளனம் செய்த ஒன்றை நம்பி ஒரு குடும்பம் நிற்கிறது. இரண்டு மாதம் முடியப்போகிறதே என்று ஒருநாள் வருத்தப்பட்டாள், உடனே வெட்கப்பட்டாள்.

அவகாசம் முடியச் சில நாள்களே இருக்கையில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். வீட்டில் இருந்த எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுக் காவல் வைத்தவள், மகளின் வயிற்றுக்குள் இருப்பதை நினைக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் அழுத்திப் பார்த்துவிட்டு, குடல்வால் வீங்கியிருக்கிறது, இப்போதே எடுக்க வேண்டும் என்றார்கள். கவுண்டரில் இருந்தவன் காப்பீட்டு அட்டையைப் பார்த்து, “இது நின்னுபோச்சே சார்” என்றான். ஓடிப்போய்க் கட்டிடுறேன் என்று அன்று சொன்ன கணவன், வாடகைக்கு வைத்திருந்த பணத்தை நினைத்தபடி நிஜமாகவே ஓடினான். குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள்.

கொஞ்ச நேரத்தில் அறுவை மருத்துவர் முகமூடியைக் கீழே இழுத்துக்கொண்டு வெளியே வந்து, ஸ்டோர்க்காரர்களைத் திட்டினார். மூன்று கத்தி மாற்றியாகிவிட்டது, தோலில் ஒரு கோடுகூட விழவில்லை, புதுப் பெட்டி கொண்டு வாருங்கள் என்றார். அவருக்குப் பின்னால் வந்த தலைமை நர்ஸ் பெட்டியைப் பற்றிக் கவலைப்படவில்லை. நேரே அவளிடம் வந்தாள்.

“ஏம்மா, உங்க வீட்ல கத்தி வெட்டுமா?”

“ரெண்டு மாசமா வெட்டல.”

“அதை அட்மிஷன்லயே சொல்ல வேணாமா?”

“அலர்ஜி இருக்கான்னுதான் கேட்டாங்க. இதைக் கேக்கல.”

நர்ஸ் அவள் தோளில் கை வைத்தாள். “உள்ள வெடிச்சுட்டா ரொம்பக் கஷ்டம்மா. பிடிச்சது போதும். விடு.”

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவள் மறுபடி வீட்டைச் சுற்றி வந்தாள், இந்தத் தடவை விடை கொடுப்பதற்காக. டம்ளரே, நீ உடையலாம். அடுப்பே, நீ சுடலாம். தரையே, வழுக்கு. ஒவ்வொன்றும் கையைவிட்டுப் போகும்போது உடம்பு லேசானது, அது அவளை இன்னும் பயமுறுத்தியது. கடைசியில் வெளிச்சத்துக்குக் கீழே படுத்திருக்கும் மகளிடம் வந்தாள். அங்கே கை வரவில்லை. அவர் கட்டியிருப்பாரா, கட்டிய பிறகு விடுவோம் என்று ஒரு சாக்கு தேடினாள். அது சாக்குதான் என்று அவளுக்கே தெரிந்தது. பணம் கட்டியாகிவிட்டது என்று இப்போதே சொன்னாலும் அவள் விட மாட்டாள். அவள் பிடித்துக்கொண்டிருந்ததற்கும் ஆலைக்கும் சம்பந்தமில்லை. இந்தக் குழந்தை பிறந்த நாளிலிருந்து அவள் இப்படித்தான் பிடித்திருக்கிறாள், எந்தக் காப்பீட்டு அட்டையும் அதை ஏற்றுக்கொள்ளாது. அவள் கண்ணை மூடி, “வெட்டு” என்றாள். சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்தில் ஊன்றுகோலோடு இருந்தவர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

அதே நேரம், பூட்டிக் கிடந்த மூன்றாம் மாடி வீட்டில் ஏதோ விழுந்து சில்லுச் சில்லாக உடையும் சத்தம் கேட்டு, கண்டக்டர் அக்கா “அப்பாடா” என்றாராம்.

கணவன் மூச்சிரைக்க வந்தான். “கட்டிட்டேன். நின்ன நாள்லேருந்தே செல்லும்” என்று ரசீதை நீட்டினான். இன்னொரு கை விரலை வாயில் வைத்திருந்தான். “பாரு, ரசீது ஓரம் கிழிச்சிடுச்சு. பதினாறு வருஷம் அட்டை வெட்டுனவன், ஒரு நாள் காயம் பட்டதில்ல.” அவள் ரசீதை வாங்கவில்லை. அந்த விரலை இழுத்து, அதில் சின்னதாகத் திரண்டு நின்ற ரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அழுதாள், நடுவில் சிரித்தாள், இந்தத் தடவை முழுசாக. இவளுக்கு என்ன ஆயிற்று என்று அவன் விழித்தான். கதவு திறந்தது. எடுத்தாயிற்று, பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்றாள் நர்ஸ்.

மகளுக்கு இப்போது வயிற்றில் ஒரு தழும்பு இருக்கிறது. கேட்பவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டுகிறாள். கணவன் தாடியை எடுத்தான். கொஞ்ச நாளில் ஒரு காகிதக் கிடங்கில் வேலையும் கிடைத்தது. அங்கே காப்பீடு உடனே தரமாட்டார்கள் என்பதால் பழையதையே மாதாமாதம் கட்டி வருகிறான். வீட்டுக் கத்திகள் ஒழுங்காக வெட்டுகின்றன. தவணை கட்டும் நாளில் மட்டும், அவன் கட்டிவிட்டுத் திரும்பும்வரை, வெட்டாது. அன்றைக்கு அவள் காயை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போவாள். கண்டக்டர் அக்கா கதவைத் திறந்து பலகையைத் தயாராக வைத்திருப்பார். பீன்ஸ் என்றால் கொஞ்சம் நேரமாகும், மற்றபடி யாருக்கும் தொந்தரவு இல்லை.