மடக்காத கத்தி

அந்த மலைமேட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அவரவர் பையிலிருந்து அவரவர் மடக்குக்கத்தியை எடுத்துத்தான் ரொட்டியை வெட்டுவார்கள். வீட்டுக்குத் தலையாக இருப்பவர் தன் கத்தியை மடக்கினால் சாப்பாடு முடிந்தது. அதுவரை யாரும் எழக்கூடாது, வயிறு முட்டினாலும் சரி.

வசந்தத்தில் அப்பாவை அவர் கத்தியோடு புதைத்துவிட்டு வந்ததிலிருந்து மகள் நோயெலிதான் வீட்டுக்குத் தலை. தனக்கென்று ஒரு கத்தி வாங்கக் கடைக்குப் போனவள் கடைக்காரரின் உயிரை வாங்கிவிட்டாள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, மடக்கும்போது அலகு பிடியின் நடுவில் நேராக இறங்குகிறதா என்று பார்த்தாள். திறந்து பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தாள். துருவே பிடிக்காது என்று அவர் நீட்டியதை ஒதுக்கிவிட்டு, கறை ஏறினாலும் கல்லில் நாலு இழுப்பில் கூராகிற பழைய எஃகையே எடுத்தாள். மாட்டுக்கொம்புப் பிடி கைக்குள் அடக்கமாக இருந்தது.

அன்றிலிருந்து அதற்குக் கிடைத்த கவனிப்பு பிள்ளைக்குக்கூடக் கிடைக்காது. ஒவ்வொரு முறை வெட்டியதும் துடைப்பாள். சனிக்கிழமை கல்லில் தீட்டி, மடங்குகிற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவாள். கோடை முழுவதும் அவள் மாடுகளை மேய்க்க வந்திருந்த உர்பேன் சீண்டுவான்.

"முதலாளியம்மா, கன்னுக்குட்டி பொறந்தப்பகூட நீங்க இவ்வளவு தொடைக்கலையே."

இன்று மாடுகள் தொழுவத்துக்கு இறங்கிவிட்டன. வேலை முடிந்தது; இருவரும் கடைசிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். மாலைப் பேருந்தில் அவன் கிளம்பினால் அடுத்த கோடை வேறு யார் பண்ணையிலோ. கோடை முழுக்க இருவருக்கும் வாய் வரை வந்த பேச்சு வெளியே வரவில்லை. அவன் போய்விடக்கூடாது. நோயெலிக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் கூலி கொடுக்கிறவள் அதை எப்படிச் சொல்வாள்?

ஆகவே அவள் கத்தியை மடக்கவில்லை.

பாலாடைக்கட்டிக்குப் பின் வாதுமை வந்தது, அதற்குப் பின் பேரிக்காய். வெளியே மூடுபனி வேலியை விழுங்கி, கிணற்றை விழுங்கி, ஜன்னல் வரை வந்து நின்றது. அடுப்பின் கதகதப்பில் உலகத்தில் இந்த மேசை மட்டும்தான் மிச்சம் என்பதுபோல இருந்தது. அவன் தன் கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தான். ஆனாலும் எழவில்லை.

துடைத்தால் அடுத்து மடக்கத்தான் வேண்டும். அதனால் அவள் துடைக்கவும் இல்லை. பேரிக்காய்ச் சாறு அலகில் அப்படியே காய்ந்து, நீலமாகி, கறுக்கத் தொடங்கியது. அவள் துடைக்கத் தவித்த கைகளை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

உர்பேன் அந்தக் கறையைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

கீழே பாதையில் பேருந்தின் ஒலிப்பான் பனிக்குள்ளிருந்து ஒருமுறை கேட்டது.

அவன் கை நீட்டி அவள் கத்தியை எடுத்தான். தன் கைக்குட்டையால், பிடியிலிருந்து முனை வரை, அவள் செய்வதுபோலவே நிதானமாகத் துடைத்தான். மடக்காமல் அவள் முன்னால் வைத்தான்.

"இன்னொரு பழம் நறுக்கு, நோயெலி," என்றான்.