முதல் கேனைக் கவிழ்த்தவள்

ஊர் ஊராகச் சென்று பெண்கள் சங்கங்களின் வாய்மொழி வரலாற்றைப் பாதுகாக்கும் ஆய்வாளர், பால் சங்கத்துக் கதையையும் ஒலிப்பதிவு செய்து, செப்பனிட்டு, மெருகேற்றிக் கொண்டுவந்திருந்தார். பால் சேகரிப்பு நிலையத்தின் பின்னறையில் பெண்கள் அதைக் கேட்டுச் சம்மதம் தெரிவிக்கவேண்டும்; ஒருத்தி மறுத்தாலும் அது காப்பகத்துக்குள் நுழையாது. எந்நாளும் வட்டமாக அமரும் பெண்களை அவர் சினிமாக் கொட்டகைபோல் வரிசையாக அமரவைத்தார். இவருக்கு இவ்வளவுதான் தெரியும் என்று எண்ணியவளாய், சங்கத்து உறுப்பினரான தையல்காரி, சங்கத் தலைவிக்குப் பக்கத்து நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்தாள்.

அந்தச் சங்கத்தில் கதை சொல்வதற்கென்று ஒரு முறை உண்டு. ஒருத்தி சொல்லுவாள், பக்கத்திலிருப்பவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். பிசகினால் 'இல்லை' என்பாள். விளக்கமும் கிடையாது, வாக்குவாதமும் கிடையாது. சொன்னவள் தொடக்கத்திலிருந்து மறுபடியும் சொல்லியாக வேண்டும். அதுவரை எவளும் வாய் திறக்கமாட்டாள். எழுத்தறிந்தவர் இல்லாத காலத்தில், எவளும் கதையளந்துவிடாதபடி அவர்களாகவே ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு அது.

ஆய்வாளர் பொத்தானை அழுத்தினார். தலைவியின் குரல் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு வந்தது. பால் வியாபாரி அளவில் ஏமாற்றியதும், பெண்கள் கேன்களோடு சாலையை மறித்ததும் வரையில் பழுதில்லை. அப்புறம், "மொத கேனை நான்தான் ரோட்டுல கவுத்தேன்" என்றது அக்குரல்.

தையல்காரி காத்திருந்தாள். பதிவு செய்த அன்று அவ்விடத்தில் அவள் 'இல்லை' என்று சொல்லியிருந்தாள். தலைவியும் முகத்தைச் சுளித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கி, உள்ளதை உள்ளபடி சொல்லி முடித்திருந்தாள். இப்போதோ 'இல்லை'யும் வரவில்லை, அந்த இரண்டாவது கதையும் வரவில்லை. தலைவியின் வீரம் தங்குதடையின்றி மேலே போய்க்கொண்டிருந்தது.

முதல் கேனைக் கவிழ்த்தவள் தையல்காரியின் தங்கை. அன்று மாலையே கணவன் அவளைச் சங்கத்திலிருந்து நிறுத்திவிட்டான். பிற்பாடு எடுத்த புகைப்படம் ஒன்றிலும் அவள் கிடையாது. இப்போது உயிரோடும் இல்லை; பிள்ளை குட்டியும் இல்லை. ஒரு கேன் பாலைத் தெருவில் கொட்டிய அந்த ஒரு கணந்தான் உலகில் அவளுக்கென்று மிச்சம். அதையும் மெருகேற்றித் துடைத்தாயிற்று.

நான் சொன்ன 'இல்லை' எங்கே என்று தையல்காரி கேட்டதற்கு, ஆய்வாளர் பால்குடி மறவாத குழந்தைக்குச் சொல்லுவதுபோல் விளக்கினார். குறுக்கீடுகளை நீக்கிவிட்டாராம். ஒரே கதை இரண்டு தரம் வந்தால் கேட்பவர்கள் சலித்துப்போவார்களாம். ஆகையால் சரளமாக இருந்த முதல் தரத்தை வைத்துக்கொண்டாராம். பொய் சரளமாகத்தான் வரும் என்பது அத்தனை படிப்பிலும் அவருக்கு எவரும் சொல்லித்தராத பாடம் போலும்.

தலைவி முந்தானையை நீவிவிட்டுக்கொண்டாள். "போனது போச்சு, விடுடி. பெட்டியே சொல்லிடுச்சு."

"பெட்டிக்கு ஏதுக்கா வாய்? உங்க வாயைத்தானே அதுல போட்டு வெச்சிருக்காரு."

பிறகு தையல்காரி நிமிர்ந்து உட்கார்ந்து, தெளிவாக, "இல்லை" என்றாள்.

ஆய்வாளர் சிரித்தார். வேறெவளும் சிரிக்கவில்லை. இருமிக்கொண்டிருந்தவள்கூட இருமலை அடக்கிக்கொண்டாள். அவர் ஏதோ கேட்டார், பதில் இல்லை. தேநீர் வரவழைக்கட்டுமா என்றார், அதற்கும் இல்லை. தலைவி அக்கம்பக்கம் பார்த்தாள். தான் தாலாட்டி வளர்த்த சங்கம் தன்னையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மௌனத்தில் உட்கார்ந்திருப்பதைவிட உண்மையைச் சொல்லிவிடுவது சுலபம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவேண்டும். ஆய்வாளர் அவசரமாகக் கருவியைப் பதிவுக்கு மாற்றினார். அன்று அவர் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றே.

தலைவி தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். வியாபாரி வந்தான், சாலை வந்தது, கேன் வந்தது. அங்கே அவள் குரல் நொண்டியது.

"மொத கேனை இவ தங்கச்சி கவுத்தா. நான் அப்போ கேனை இடுப்புல வெச்சுக்கிட்டு நின்னேன். அவ கவுத்ததைப் பார்த்துத்தான் எனக்குக் கை வந்துச்சு."

தையல்காரி ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சங்கத்தில் அதற்குப் பெயர் ஒப்புதல். எல்லோரும் மூச்சு விட்டார்கள். இருமலும் வெளியே வந்தது.

ஆய்வாளருக்கு ஒரே மகிழ்ச்சி. அருமையான பகுதி என்றார். பழைய பதிவிலிருக்கும் பொய்யையும் 'இல்லை'யையும், இன்றைய பதிவின் தொடக்கத்திலுள்ள வெற்று மௌனத்தையும் நீக்கிவிட்டு, கடைசியாகச் சொன்னதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா, காதுக்கு இதமாயிருக்கும் என்று கேட்டார்.

தையல்காரி அவரைத் தலை முதல் கால்வரை அளவெடுப்பதுபோல் பார்த்தாள்.

"ஒண்ணையும் வெட்டக்கூடாது சார். இப்போ நீங்க கேட்டீங்களே, அதையும் சேர்த்துத்தான். அப்படின்னா எனக்குச் சம்மதம்."

ஆய்வாளர் கருவியைப் பார்த்தார். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருத்தி மறுத்தாலும் காப்பகத்துக்குள் நுழையாது என்ற விதியை எண்ணி, சரி என்றார். அந்தச் 'சரி'யும் காப்பகத்தில் இருக்கிறது, விரும்பியவர்கள் கேட்டுக்கொள்ளலாம்.