மூடாத பெட்டி

மூன்றாவது தடவையாகப் பெட்டி கட்டிலில் கவிழ்ந்தபோது மர்ளியாவுக்குப் பொறுமை அறுந்துவிட்டது. விடிந்ததிலிருந்து அவள் மடித்து, நீவி, மூலை மூலையாகத் தள்ளி அடுக்கியதெல்லாம் இப்போது பெட்ஷீட்டின்மேல் ஒரே குவியல். கவிழ்த்தவள் அவள் பெற்ற மகள் அக்கீலாதான். கோபத்தில் கவிழ்த்திருந்தாலாவது திருப்பிக் கத்தியிருக்கலாம். அவளோ அரிசியில் கல் பார்ப்பவளின் நிதானத்தோடு கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "உம்மா, இதில அரைவாசி தேவல்ல" என்றாள். கச்சான் காற்று வீசுகிற மாதம். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் கடற்கரை மணல் முழுவதும் வீட்டுக்குள். மர்ளியா திறந்த ஜன்னலை அடித்துச் சாத்தினாள். அந்தச் சத்தத்துக்கு விறாந்தையில் படகு இஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த இஸ்ஸதீன் ஒரு தடவை செருமினான். மனைவியும் மகளும் வாக்குவாதப்படும்போது அவன் செய்கிற ஆகப்பெரிய தலையீடு அதுதான்.

நாளைக் காலை சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வேன் வந்துவிடும். மலைநாட்டுப் பக்கத்துக் கெம்பஸ் ஒன்றில் அக்கீலாவுக்கு இடம் கிடைத்திருக்கிறது. பள்ளிவாசல்துறையில் அவர்களுடைய ஒழுங்கையிலிருந்து ஹொஸ்டலுக்குப் போகிற முதல் பெண் பிள்ளை அவள். அந்தப் பெருமையெல்லாம் ஊருக்கு. மர்ளியாவுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை, இந்தப் பெட்டியைத் தன் கையால் கட்டிக் கொடுத்துவிட வேண்டும். மகளுக்குப் பள்ளிக்கூடப் பை கட்டிக் கொடுத்தவள் அவளில்லை. பெருநாளைக்கு உடுப்பு உடுத்திவிட்டவளும் அவளில்லை. அக்கீலாவுக்கு முன்பல் ஆடத் தொடங்கிய காலத்தில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள், பிள்ளை பெரியவளாகித் தண்ணீர் வார்த்து, அந்தப் படங்களையும் போனில் பார்த்து முடித்த பிறகுதான் ஊருக்கு வந்து சேர்ந்தாள். நடுவில் ஒருமுறை விடுமுறையில் வந்திருந்தாள். பிள்ளை அப்போது அவளைத் தூர இருந்து பார்த்துவிட்டு மாமியின் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. மாமி என்றால் இஸ்ஸதீனின் மூத்த சகோதரி றைஸா. பக்கத்து வளவில்தான் வீடு. அக்கீலாவைக் குளிப்பாட்டி, பேன் பார்த்து, ஓதப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்தது முழுக்க அவள்தான். மர்ளியா அதை நன்றியோடுதான் நினைப்பாள். நன்றியும் வயிற்றெரிச்சலும் ஒரே இடத்தில் கிடந்தால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்?

ஆனால் பெட்டி கட்டுவதில் மட்டும் மர்ளியாவை வெல்ல இந்தக் கரையில் ஆளில்லை. அத்தனை வருடங்களும் அவள் பிள்ளை வளர்த்தது கார்கோப் பெட்டி வழியாகத்தான். சப்பாத்துக்குள் சவுக்காரக்கட்டி, பால்மா டின்னைச் சுற்றித் துவாய், துவாயின் மடிப்புக்குள் சொக்லட், எங்கேயாவது விரல் நுழைய இடமிருந்தால் அதற்குள் தலைமுடிக்குப் போடுகிற ரப்பர் வளையம். காற்றுக்குக் காசு கட்டக்கூடாது என்பது அவளுடைய கணக்கு. கட்டி முடித்து, கறுப்பு மாக்கரால் ஆறு பக்கமும் பெயர் எழுதுவாள். சப்பாத்து அளவு மட்டும் ஒரு நாளும் சரிவந்ததில்லை. போனில் கேட்டால் "ஒரு சாணும் நாலு விரலும்" என்பாள் றைஸா. றைஸாவின் கை சிறியது, மர்ளியாவின் கை உலக்கை பிடித்த கை. மர்ளியா தன் சாணால் அளந்து வாங்கி அனுப்பிய சப்பாத்துக்குள் பஞ்சு அடைத்துப் போட்டுக்கொண்டுதான் அக்கீலா பள்ளிக்கூடம் போனாளாம். இதெல்லாம் திரும்பி வந்த பிறகு கேள்விப்பட்டது.

"உம்மா, இது கார்கோ இல்ல. நான் போற இடத்தில கடை இருக்கு" என்றாள் அக்கீலா, ஒரு சப்பாத்திலிருந்து சவுக்காரத்தை வெளியே இழுத்துக்கொண்டே.

"கடை இருந்தா? கடைக்காரன் உனக்குச் சொந்தமா? மழையில நனைஞ்சு போய் வாங்கப் போறியா?"

"மூணு துவாய் என்னத்துக்கு?"

"ஒண்டு காயிற நேரம் ஒண்டு. அந்த மலையில துவாய் காயவே ரெண்டு நாள் போகும்."

"அப்ப மூணாவது?"

மூன்றாவது நல்ல துவாய், அவ்வளவுதான். அலுமாரியில் மகளின் கல்யாணத்துக்கென்று பொலித்தீன் உறை பிரிக்காமல் வைத்திருந்ததை இன்றுதான் வெளியில் எடுத்திருந்தாள். அக்கீலா அதைத் தடவிக்கூடப் பார்க்காமல் 'வேண்டாம்' பக்கத்தில் போட்டாள். அந்தப் பக்கம் வளர்ந்துகொண்டே போனது. கேத்தல் அங்கே போனது, ஹொஸ்டலில் கரண்ட் சாமான் பாவிக்க விடமாட்டார்களாம். பளபளப்பு வைத்த அபாயாவும் போனது. புதுப் பிள்ளைகள் மினுக்கிக்கொண்டு போனால் சீனியர்மார் பிடித்துக்கொள்வார்களாம். ரைஸ் குக்கர் தேவையே இல்லையாம். ஒரே அறையில் இருக்கப்போகிற பிள்ளைகள் வட்ஸ்அப்பில் பேசி, யார் எதைக் கொண்டுவருவது என்று பங்கு பிரித்தாயிற்றாம். கிளிநொச்சிப் பிள்ளை சட்டிபானை, குருநாகல் சிங்களப் பிள்ளை உடுப்புத் தேய்க்கிற அயன். கரண்ட் சாமான் கூடாத இடத்தில் அயன் மட்டும் எப்படிப் போகும் என்று மர்ளியா கேட்டாள். அதை வோர்டனிடம் கேட்டுப் பார்க்கலாமாம்.

"அப்ப நம்மட பங்கு என்ன?"

"வாளி. ரெண்டு வாளியும் உடுப்புக் காயப்போடுற கயிறும்."

மர்ளியா நெற்றியில் கைவைத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் மகள், ஊரே பேசுகிற மகள், முதல் நாள் கெம்பஸ் வாசலில் இரண்டு கையிலும் வாளியோடு போய் நிற்கப் போகிறாள். "நான் என்ன பிச்சைக்காரியா? அவங்க சட்டிபானை கொண்டு வருவாங்க, நீ வாளி தூக்குவியா? இஞ்ச பாருங்க, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன் உங்கட மகளுக்கு!"

"வேன்ல இடமிருக்கு" என்றான் இஸ்ஸதீன்.

இந்த மனுசனிடம் கேட்டது தன் பிழை என்று மர்ளியா பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் மடிக்கத் தொடங்கினாள். அப்போதுதான் பின்கதவால் றைஸா வந்தாள். முந்தானைக்குள் எதையோ பொத்திக்கொண்டு வந்தவள், கட்டிலில் கிடந்த குவியலையோ மர்ளியாவின் முகத்தையோ பார்க்காமல், நேரே அக்கீலாவிடம் போய்ச் சின்னப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தாள். அக்கீலா என்னவென்று கேட்கவில்லை. வாங்கினாள், பெட்டியின் பக்கப் பைக்குள் வைத்து ஸிப்பை இழுத்தாள். அவ்வளவுதான். விடிந்ததிலிருந்து ஒரு ரப்பர் வளையத்துக்குக்கூட வழக்காடிக்கொண்டிருந்தவளுக்கு, இது மட்டும் ஒரு கேள்வியும் இல்லாமல் உள்ளே போயிற்று.

"அது என்ன மச்சி?" மர்ளியா சாதாரணமாகக் கேட்கத்தான் பார்த்தாள். குரல் சொன்னபடி கேட்கவில்லை.

"ஓமம். வறுத்து வச்சிருக்கன். வயித்துக்குத்து வந்தா சுடுதண்ணியில போட்டுக் குடிக்க."

"யாருக்கு வயித்துக்குத்து?"

றைஸா அக்கீலாவைப் பார்த்தாள், அக்கீலா துவாயைப் பார்த்தாள். "மாசா மாசம் வாறதுதானே உம்மா. பெரியாளான நாள்ல இருந்து" என்றாள் மெதுவாக. திரும்பி வந்து இத்தனை வருடமாக ஒரே கூரைக்கு அடியில் படுக்கிறாள் மர்ளியா. மாதத்தில் ஒரு நாள் மகள் மாமி வீட்டில் போய்ச் சுருண்டு படுப்பது அவளுக்குத் தெரியும். அது மாமியின்மேல் உள்ள பாசம் என்று நினைத்து, உள்ளுக்குள் புழுங்கி, அதையும் பொறுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை.

சரி, ஓமம் மாமியுடையதாக இருக்கட்டும். மர்ளியாவிடம் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அதை எடுத்துவந்து மகளின் மடியில் வைத்தாள். போனுக்குச் சார்ஜ் ஏற்றுகிற பவர் பேங்க், கறுப்பு நிறம், ஒரு பாண் துண்டு அளவு. "கரண்ட் போனாலும் உன்ட போன் நிக்காது. சுபஹுக்கு எழும்பினதும் ஒருக்கா எடுப்பன், இஷா தொழுதிட்டு ஒருக்கா எடுப்பன். ஒவ்வொரு நாளும். நான் அங்க கிடந்த நேரம் இப்பிடி எடுக்க முடியல்ல. இப்ப என்ன, கை நிறையப் போன் இருக்கு."

அக்கீலா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "வேணாம் உம்மா" என்றாள்.

மர்ளியா வெடித்துவிட்டாள். "எல்லாம் வேணாம்! துவாய் வேணாம், குக்கர் வேணாம், போன் வேணாம். உம்மாவும் வேணாம் எண்டு சொல்லிடு, நான் எண்ட பாட்டுக்குக் குசினிக்குப் போறன். மாமிட பொட்டலம் மட்டும் போதும், ராசாத்திக்கு!"

"மர்ளியா" என்றாள் றைஸா.

"நீங்க சும்மா இருங்க மச்சி."

அக்கீலாவின் முகம் சிவந்திருந்தது. அழப்போகிறாளோ என்று பார்த்தால், அழவில்லை. மர்ளியாவுக்குத் தெரிந்து இந்தப் பிள்ளை அழுததே இல்லை. "வெள்ளிக்கிழமை மட்டும் எடுங்க உம்மா" என்றாள். "ஜும்ஆவுக்குப் பிறகு. நீங்க அப்ப எடுக்கிற நேரத்துக்கே."

"ஏன்? நானென்ன இன்னும் குவைத்திலயா இருக்கன்?"

"மத்த நாளெல்லாம் நான் நல்லாத்தான் இருந்தன் உம்மா. விளையாடுவன், திம்பன், பள்ளிக்கூடம் போவன். வெள்ளிக்கிழமை உங்கட குரலைக் கேட்டாத்தான் எனக்கு ஏக்கம் பிடிச்சுக்கொள்ளும். ஞாயிறு வரைக்கும் சரிவராது. நீங்க ஒவ்வொரு நாளும் எடுத்தா நான் எப்பிடி அங்க இருக்கிற? ரெண்டாம் நாளே பஸ் ஏறிருவன்."

மர்ளியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் எசமாட்டி வீட்டார் உறவினர் வீட்டுக்குப் போகிற இடைவெளியில், குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அவள் எடுத்த போன் கோல்கள் அவை. பிள்ளை பேசவே பேசாது. என்ன கேட்டாலும் "ம்". சோறு தின்னியா? "ம்". சப்பாத்து பிடிச்சிருக்கா? "ம்". கார்டில் காசு ஓடுகிறதே என்ற பதற்றத்தில் அவள் எத்தனையோ தடவை ஏசியிருக்கிறாள், வாயில என்ன கொழுக்கட்டையா புள்ள, உம்மாவோட கதைக்கக் கசக்குதா என்று. பிள்ளையின் மனதைக் கெடுத்துவிட்டாள் என்று றைஸாவைச் சபித்துக்கொண்டே போனை வைத்த வெள்ளிக்கிழமைகளும் உண்டு.

"நீ கதைக்கவே மாட்டியே" என்றாள் மர்ளியா.

பதில் றைஸாவிடமிருந்துதான் வந்தது. "எப்பிடிக் கதைக்கிற? போனைக் காதில வச்சுப் பிடிக்கிறது நான். அவ ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திட்டு நிப்பா. அழுறது உனக்குக் கேட்டிருமாம்."

வெளியில் காற்று தென்னை ஓலைகளைப் போட்டு உலுப்பியது. இஸ்ஸதீனின் சாவி இஞ்சினில் தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. அவனுக்கும் இது தெரியும். இந்த வீட்டில் தெரியாதவள் அவள் ஒருத்திதான்.

"ஒரு ஆளாவது எனக்குச் சொல்லியிருக்கலாமே" என்றாள் மர்ளியா.

"சொன்னா நீ வந்திருப்பாய்" என்றாள் றைஸா. "உன்ட காசில எழும்பின வீடு அப்ப லின்டல் மட்டத்தில, பாதியில நிண்டிச்சு."

அந்த வீட்டின் சுவர்கள் நான்கும் அவளைச் சுற்றி இப்போது நன்றாகப் பூசி, பச்சை வர்ணம் அடித்து நின்றன. மர்ளியா குனிந்து, 'வேண்டாம்' பக்கத்தில் கிடந்த துவாயை எடுத்தாள். பொலித்தீன் உறையைப் பல்லால் கிழித்துத் துவாயை உதறினாள். நான்காய் மடித்துப் பெட்டிக்குள் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். "மூணு துவாயும் போகும். அதில கதையில்ல" என்றாள். அக்கீலா மற்ற உடுப்புகளை நகர்த்தி அதற்கு இடம் விட்டாள். பிறகு பால்மா போனது. சப்பாத்துக்குள் சவுக்காரம் மறுபடி ஏறியது. பவர் பேங்கை மகளே எடுத்து உடுப்புகளுக்கு நடுவே செருகினாள். கருவாட்டுச் சம்பல் போத்தலை றைஸா பழைய சாரத் துணி ஒன்றில் சுற்றி நீட்டினாள், மர்ளியா வாங்கி அதற்கென்று ஒரு மூலையை ஒதுக்கினாள். கேத்தலைத் தூக்கியபோது மட்டும் அக்கீலா, "அது வேணாம் உம்மா, உண்மையாவே பிடிச்சிருவாங்க" என்றாள். மர்ளியா முணுமுணுத்துக்கொண்டே அதைக் கீழே வைத்தாள்.

தரையில் இறக்கி வைத்தும் பெட்டி மூடவில்லை. மூடுமா? மூடி ஒரு பக்கம் படிந்தால் மறுபக்கம் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. றைஸா ஏறி உட்கார்ந்து பார்த்தாள். அவள் எடை போதவில்லை. "நீயும் வா" என்று சற்று நகர்ந்து இடம் விட்டாள். மர்ளியா மகளையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சீலையை ஒதுக்கிக்கொண்டு மச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் அந்த இடம் போதாது. தோளோடு தோள் இடித்துக்கொண்டது. பெட்டி நெரிந்து இறங்கியது. அக்கீலா தரையில் முழங்காலில் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸிப்பை இழுக்கத் தொடங்கினாள். பின்பக்க மூலையைத் தாண்டி, மாமியின் கால்களைச் சுற்றி, பிதுங்கி வந்த துவாய் நுனியை விரலால் உள்ளே தள்ளித் தள்ளி, முன்பக்கம் வந்தாள். இன்னும் ஒரு சாண் தூரம் இருந்தது. அந்த இடத்தில், பெட்டியை ஒட்டி இருந்தது மர்ளியாவின் கால்.

"உம்மா, காலைக் கொஞ்சம் எடுங்க."

மர்ளியாவுக்குக் கேட்டது. கீழே மகளின் உச்சி வகிடு தெரிந்தது. கையில் ஸிப்பின் நுனியைப் பிடித்தபடி அவள் காத்திருந்தாள்.

"உம்மா."

மர்ளியா காலை எடுக்கவில்லை.